துக்கா: எகிப்தியர்கள் ரொட்டியோடு தொட்டுச் சாப்பிடும் இடித்த பொடி – முழுமையான வழிகாட்டி

அரபியில் 'தக்க' என்றால் இடிப்பது. அந்தச் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் துக்கா. 'இடித்தது' என்று தமிழில் சொல்லிவிடலாம். கீழே நான் எழுதியிருப்பதில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: துக்கா அரைத்த பொடி இல்லை, இடித்த பொடி. முதல் முறை செய்தபோது எனக்கு இது தெரியாது. வறுத்ததை எல்லாம் சூடு ஆறுவதற்குள் மிக்ஸியில் கொட்டி ஒரே ஓட்டாக ஓட்டினேன். திறந்து பார்த்தால் ஜாரின் அடியில் பழுப்பு நிறத்தில் எண்ணெய் விட்ட ஒரு விழுது. ருசி மோசமில்லை, ஆனால் அது துக்கா இல்லை.

சரியான துக்காவை எனக்குக் காட்டியவர் ஷார்ஜாவில் எங்கள் எதிர் வீட்டில் இருந்த கெய்ரோ அம்மா. அவர் ஆங்கிலமும் என் அரபியும் அரைகுறை. அதனால் கையால்தான் சொல்லிக் கொடுத்தார். ஜாடியிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து ஒரு டிஷ்யூ காகிதத்தில் வைத்துக் கட்டை விரலால் லேசாக அழுத்தித் தேய்த்தார். பிறகு காகிதத்தை உதறிக் காட்டினார். பொடி உதிர்ந்து விழுந்தது, காகிதத்தில் எண்ணெய்க் கறை இல்லை. நான் செய்ததை அதேபோல் வைத்துத் தேய்த்தார். காகிதம் கண்ணாடி போல் ஆனது. "லா, லா" என்று தலையை ஆட்டினார். இன்று வரை நான் பதம் பார்ப்பது அந்தக் காகிதச் சோதனையை வைத்துத்தான்.

எதைத் துக்கா என்கிறார்கள்

வறுத்த கொட்டைப் பருப்பு, எள், மல்லி, சீரகம், மிளகு, உப்பு. இவ்வளவுதான். ஈரம் துளியும் இருக்காது. கொரகொரப்பாக இருக்கும், வாயில் போட்டால் நறுக் நறுக்கென்று கடிபடும். ரொட்டியைப் பிய்த்து எண்ணெயில் தொட்டு, அதே துண்டைப் பொடியில் தொட்டுச் சாப்பிடுவார்கள். காலையிலும் சாப்பிடலாம், இரவிலும் சாப்பிடலாம். கெய்ரோ கடைத்தெருவில் கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் கட்டி விற்பதும் உண்டு.

பெயரைப் பற்றி ஒரு விஷயம். எழுத்தில் நடுவே 'காஃப்' என்ற எழுத்து இருக்கிறது. கெய்ரோக்காரர்கள் பேச்சில் அதைத் தொண்டையிலேயே நிறுத்திவிடுவார்கள், கேட்கும்போது 'தொ'அ' என்பது போல் இருக்கும். எகிப்தின் புகழ்பெற்ற தெரு உணவான குஷாரியின் மேல் ஊற்றும் பூண்டு-வினிகர் சாறுக்கும் எழுத்தில் இதே பெயர்தான். பூண்டை இடித்துச் செய்வதால் அதுவும் 'இடித்தது'. குஷாரிக் கடையில் போய் இந்தப் பெயரைச் சொன்னால் பாட்டிலில் சாறுதான் வரும். பொடி வேண்டுமென்றால் அத்தாரிடம் போக வேண்டும். அத்தார் என்றால் மசாலா, மூலிகை, வாசனைப் பொருள் விற்கும் கடைக்காரர். நாம் வாசனைத் தைலத்துக்குச் சொல்லும் அத்தர் என்ற சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

எட்வர்ட் வில்லியம் லேன் என்ற ஆங்கிலேயர் கெய்ரோவில் தங்கி, எகிப்தியர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி எழுதிய நூல் 1836-ல் வெளிவந்தது. சாதாரண மக்கள் பல வேளை வெறும் ரொட்டியையும் துக்காவையும் வைத்தே உணவை முடித்துக் கொள்வதை அதில் குறிப்பிடுகிறார். உப்பும் மிளகும், அதோடு ஜாத்தர் என்ற காட்டு மரு இலை, அல்லது புதினா, அல்லது சீரகம். இவற்றோடு மல்லி, பட்டை, எள், கொண்டைக்கடலை ஆகியவற்றில் ஒன்றோ பலவோ. இதுதான் அவர் தரும் பட்டியல். அதில் ஹேசல்நட் என்ற கொட்டைப் பருப்பு இல்லை என்பதைக் கவனியுங்கள். இன்று வெளிநாட்டுக் கடைகளில் அழகான ஜாடியில் விற்கும் துக்காவில் ஹேசல்நட்தான் முதலில் நிற்கிறது. அது நல்ல துக்காதான், நானும் செய்கிறேன். ஆனால் கொண்டைக்கடலை போட்டதை 'மலிவான மாற்று' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பொருள் பட்டியல் எழுதப்பட்ட காலத்திலிருந்து கடலை உள்ளே இருக்கிறது. ஹேசல்நட் எகிப்தில் விளைவதும் இல்லை. உலகத்திலேயே அதிகம் விளைவிக்கும் துருக்கியின் கருங்கடல் கரைதான் அதன் வீடு.

பாரோக்கள், அதாவது பழங்கால எகிப்திய மன்னர்கள், காலத்துப் பொடி என்று சிலர் விளம்பரம் செய்வதையும் பார்த்திருக்கிறேன். 1922-ல் திறக்கப்பட்ட துத்தன்காமன் கல்லறையில் மல்லி விதை கிடைத்தது உண்மை. ஆனால் மல்லி இருந்ததால் துக்காவும் இருந்தது என்று சொல்ல முடியாது.

பொருள்கள்

இரண்டு கோப்பை அளவு துக்காவுக்கு நான் எடுப்பது இது:

ஹேசல்நட் – 100 கிராம்
வெள்ளை எள் – 60 கிராம் (ஏழு மேஜைக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு)
மல்லி விதை – 30 கிராம் (ஆறு மேஜைக்கரண்டி)
சீரகம் – 15 கிராம் (இரண்டரை மேஜைக்கரண்டி)
மிளகு – ஒரு தேக்கரண்டி
கல்லுப்பு – ஒன்றரை தேக்கரண்டி
காய்ந்த புதினா – ஒரு தேக்கரண்டி, விரும்பினால்

ஹேசல்நட் கிடைக்கவில்லை, அல்லது விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த 100 கிராமுக்குப் பதில் 60 கிராம் வேர்க்கடலையும் 40 கிராம் வறுத்த கொண்டைக்கடலையும். எகிப்தில் கிடைப்பது வெள்ளைக் கொண்டைக்கடலையை மணலில் வறுத்தது. நம் கடைகளில் கிடைக்கும் பொட்டுக்கடலை அளவில் சின்னது என்றாலும் வேலையைச் சரியாகச் செய்யும்.

கொண்டைக்கடலைக்கு ஏன் இவ்வளவு வக்காலத்து வாங்குகிறேன் என்றால், அதற்கு ஒரு வேலை இருக்கிறது. ஹேசல்நட்டில் ஏறத்தாழ 60 சதவீதம் கொழுப்பு. எள்ளிலும் வேர்க்கடலையிலும் சுமார் பாதி. கொண்டைக்கடலையில் ஆறு சதவீதம் அளவுதான். மற்றவை கசியும் எண்ணெயைக் கடலை மாவு உறிஞ்சிக் கொள்ளும், பொடி உலர்ந்து நிற்கும். அதனால் முதல் முறை செய்பவர்கள் கடலைத் துக்காவிலிருந்தே தொடங்கலாம். தப்பாகப் போவது கடினம்.

எள் விஷயத்தில் கறுப்பு எள் வேண்டாம். நல்ல எள்தான், ஆனால் இந்தப் பொடியில் கசப்பு தூக்கும், நிறமும் இருண்டுவிடும். தோல் நீக்கிய வெள்ளை எள் வாங்குங்கள். மளிகையில் அள்ளிக் கொடுக்கும் எள்ளாக இருந்தால் தண்ணீரில் அலசி, கல் அரித்து, துணியில் பரப்பி முழுக்க உலர்த்த வேண்டும். ஒரு மணல் துகள் இருந்தாலும் முழுப் பொடியும் வீண். மல்லியும் சீரகமும் முழு விதையாக, புதிதாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வாசனை ஏறவில்லை என்றால் அதைக் குழம்புக்கு வைத்துக் கொள்ளுங்கள்.

வறுப்பது

ஒவ்வொன்றையும் தனித்தனியாக. இதில் குறுக்கு வழி கிடையாது. சீரகம் ஒன்றரை நிமிடத்தில் வறுபடும், ஹேசல்நட்டுக்குப் பத்து நிமிடம் வேண்டும். ஒன்றாகப் போட்டால் ஒன்று கருகும், இன்னொன்று பச்சையாக நிற்கும்.

முதலில் ஹேசல்நட். ஓவன் இருந்தால் 170 டிகிரியில் பத்து முதல் பன்னிரண்டு நிமிடம், நடுவில் ஒரு முறை தட்டைக் குலுக்கி விடுங்கள். இல்லையென்றால் அடி கனமான வாணலியில் சிறு தீயில் கிளறிக் கொண்டே இருக்கலாம். தோல் வெடித்து, உள்ளே வெளிர் பொன்னிறம் தெரிந்ததும் எடுத்து, ஒரு பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி இரண்டு நிமிடம் வையுங்கள். அப்புறம் துணியோடு சேர்த்துக் கசக்கினால் தோல் உரிந்துவிடும். அங்கங்கே கொஞ்சம் ஒட்டிக் கொண்டிருந்தால் பரவாயில்லை. வேர்க்கடலைக்கும் இதே முறைதான், ஆனால் தோல் முழுக்கப் போக வேண்டும். வறுத்த கொண்டைக்கடலை ஏற்கெனவே வறுபட்டதுதான் என்பதால் சூடான வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும், நமுப்பு போய்விடும்.

அடுத்தது எள். கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டிய இடம் இது. காய்ந்த வாணலியில் மிதமான தீயில் போட்டு மரக்கரண்டியால் கிளறுங்கள். முதல் இரண்டு நிமிடம் எதுவும் நடக்காதது போல் இருக்கும். பிறகு ஒன்று இரண்டாகத் துள்ளும், படபடவென்று மெல்லிய சத்தம் கேட்கும். சத்தம் நெருங்கி நெருங்கி வரும், வெள்ளை நிறம் சந்தன நிறத்துக்கு மாறும், வாணலி முழுக்க எள்ளின் வாசனை கிளம்பும். அதுதான் நேரம். அடுப்பை அணைத்துவிட்டு வாணலியிலேயே விடக் கூடாது. அந்தச் சூட்டிலேயே இன்னும் இரண்டு பங்கு நிறம் ஏறிக் கசந்துவிடும். உடனே ஒரு அகலத் தட்டில் கொட்டிப் பரப்புங்கள். கையில் ஒரு தட்டைத் தயாராக வைத்துக் கொண்டே அடுப்பைப் பற்ற வைப்பது நல்லது.

மல்லிக்கு இரண்டு மூன்று நிமிடம். நிறம் ஒரு படி ஏறி, எலுமிச்சை போன்ற வாசனை வரும். சீரகத்துக்கு அதில் பாதி நேரம். மிளகைச் சீரகத்தோடு கடைசி அரை நிமிடம் போட்டு எடுத்தால் போதும்.

எல்லாவற்றையும் அரை மணி நேரமாவது ஆற விடுங்கள். கையை வைத்தால் குளிர்ச்சியாகத் தெரிய வேண்டும். வெதுவெதுப்பாக இருக்கும் பருப்பு அடி பட்ட உடனே எண்ணெயை விட்டுவிடும். என் முதல் முயற்சி விழுதாகப் போனதற்குப் பாதிக் காரணம் இந்த அவசரம்தான்.

இடிப்பது

எகிப்திய வீடுகளில் இடிப்பதற்குப் பித்தளை உரல் உண்டு, 'ஹோன்' என்பார்கள். குழந்தை பிறந்த ஏழாம் நாள் கொண்டாடும் சுபூ சடங்கில் அந்த உரலைக் குழந்தையின் அருகே வைத்து டங் டங்கென்று தட்டி, 'அம்மா பேச்சைக் கேள்' என்று சொல்வார்கள். எதிர் வீட்டு அம்மாவின் ஹோன் அவருடைய அம்மா கொடுத்தது. அந்தப் பித்தளை ஓசையைத்தான் நான் துக்காவோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறேன். நம்மிடம் இருக்கும் இரும்பு உரலோ சின்னக் கல்லுரலோ இதற்கு அப்படியே பொருந்தும். அம்மி சரிப்படாது, அது இழுத்து அரைப்பது. நமக்கு வேண்டியது மேலிருந்து விழும் அடி.

வரிசை முக்கியம். மல்லி, சீரகம், மிளகு, கல்லுப்பு நான்கையும் முதலில் போட்டு இடியுங்கள். உப்பின் கரடு விதைகளை உடைக்க உதவும். இது ஓரளவு நைசாகவே இருக்கட்டும், ஏனென்றால் பல்லில் முழு மல்லித் தோல் அகப்பட்டால் நன்றாக இருக்காது. இடித்ததை ஒரு பாத்திரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.

பிறகு பருப்பு. கைப்பிடி கைப்பிடியாகப் போடுங்கள், மொத்தமாகப் போட்டால் கீழே மாவும் மேலே முழுசுமாக நிற்கும். பெரிய துண்டு மிளகில் பாதி அளவு இருக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஐந்தாறு அடிக்கு ஒரு முறை கரண்டியால் கிளறி விடுங்கள். உரலின் ஓரத்தில் பொடி ஒட்ட ஆரம்பித்தால், அல்லது உலக்கையில் பளபளப்புத் தெரிந்தால் அந்தப் பங்கை உடனே எடுத்துவிடுங்கள். இன்னும் நாலு அடி அடித்தால் விழுதாகிவிடும் என்பதற்கான அறிகுறி அது.

எள்ளில் பாதியை மட்டும் லேசாக நசுக்கி, மீதிப் பாதியை முழுசாகவே கலக்க வேண்டும். நசுங்கிய எள் ருசி கொடுக்கும், முழு எள் கடிபடும். கடைசியில் காய்ந்த புதினாவைக் கையால் நொறுக்கித் தூவி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து ருசி பாருங்கள். வெறும் வாயில் சாப்பிட்டால் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்க வேண்டும், ரொட்டியும் எண்ணெயும் அதைச் சமன் செய்துவிடும்.

மிக்ஸியில் செய்யவே கூடாதா என்றால், செய்யலாம். மசாலா விதைகளைத் தாராளமாக மிக்ஸியில் பொடிக்கலாம். பருப்புக்கு மட்டும் ஜாரில் கால் பங்கு போட்டு, ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஒரு நொடி. நான்கு ஐந்து முறைக்கு மேல் போகாதீர்கள். எள் மிக்ஸிக்குள்ளேயே போகக் கூடாது. கடைசியில் அந்தக் காகிதச் சோதனையைச் செய்து பாருங்கள். லேசாகக் கறை படிந்தால் இரண்டு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலையைப் பொடித்துக் கலந்தால் சரியாகிவிடும். நன்றாக விழுதாகிவிட்டால் காப்பாற்ற முடியாது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, தண்ணீர் விட்டுக் குழைத்துக் காய்கறிக்குத் தொட்டுக் கொள்ளுங்கள், துக்காவை மறுநாள் புதிதாகச் செய்யுங்கள்.

பரிமாறுவது

எகிப்தில் இதற்கு ஜோடி ஐஷ் பலதி. தவிடு நீக்காத கோதுமையில், தவிட்டின் மேலேயே பரப்பிச் சுடும் வட்ட ரொட்டி. ஐஷ் என்றால் அரபியில் வாழ்வு. ரொட்டிக்கே வாழ்வு என்று பெயர் வைத்த ஊர் அது. வீட்டில் செய்வதென்றால் 200 கிராம் கோதுமை மாவு, 100 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு தேக்கரண்டி உப்பு, சுமார் 220 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சப்பாத்தி மாவை விடத் தளர்வாகப் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்து, ஆறு உருண்டையாகப் பிரித்து, தவிடு தூவித் தட்டி, இன்னும் இருபது நிமிடம் விடுங்கள். 250 டிகிரியில் நன்றாகச் சூடேறிய தட்டில் போட்டால் நாலைந்து நிமிடத்தில் பூரி போல் உப்பிவிடும். ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லில் இரு புறமும் போட்டு, நேரடித் தீயில் வாட்டி உப்ப வைக்கலாம். சூடு குறையாமல் துணியில் சுற்றி மேஜைக்குக் கொண்டு வாருங்கள். ஆறிப் போன ரொட்டி எண்ணெயை இழுக்காது, எண்ணெய் இல்லாமல் பொடி ஒட்டாது.

இரண்டு கிண்ணம் வையுங்கள். ஒன்றில் ஆலிவ் எண்ணெய், மற்றொன்றில் துக்கா, ஆளுக்கு இரண்டு மேஜைக்கரண்டி கணக்கு. பொடியின் மேல் எண்ணெயை ஊற்றிக் குழைக்காதீர்கள். நம் வீட்டில் இட்லிப் பொடியை எண்ணெய் விட்டுக் குழைத்தே பழகிய கைக்கு அது தானாக வரும், ஆனால் இங்கே குழைத்த அடுத்த நிமிடமே எள்ளின் மொறுமொறுப்பு போய்விடும். ரொட்டித் துண்டு முதலில் எண்ணெயைத் தொட வேண்டும், அப்புறம் பொடியை. விருந்தினர் வந்தால் இந்த வரிசையை நீங்களே ஒரு முறை செய்து காட்டிவிடுங்கள்.

ரொட்டிக்கு அடுத்து எனக்குப் பிடித்தது முட்டை. வேக வைத்து உரித்து, சூடு இருக்கும்போதே பாதியாக வெட்டி, மஞ்சள் கருவின் மேல் ஒரு சொட்டு எண்ணெயும் ஒரு சிட்டிகை துக்காவும். எகிப்தின் காலை உணவான ஃபூல், அதாவது இரவெல்லாம் வெந்த ஃபாவா பீன்ஸ் மசியல், அதன் மேலும் தூவலாம். உப்பு ஊறிய வெள்ளைச் சீஸ், தக்காளி, வெள்ளரி மூன்றையும் ஒரு தட்டில் வைத்து மேலே தூவினால் சமைக்காமலே ஒரு இரவுச் சாப்பாடு. ஆஸ்திரேலியாவில் இந்தப் பொடி உணவகங்களில் அவ்வளவு பரவியிருக்கிறது, அங்கே சுட்ட பூசணி, மீன், ஆட்டிறைச்சி எல்லாவற்றின் மேலும் போடுகிறார்கள். அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் அடுப்பில் வைக்கும் முன் போட்டால் ஏற்கெனவே வறுத்த எள் இரண்டாம் முறை கருகும். இறக்கிய பிறகு தூவுங்கள்.

யாருக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: வேர்க்கடலை, கொட்டைப் பருப்பு, எள் இவற்றில் எதற்காவது ஒவ்வாமை உண்டா? பொடியைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

வைத்திருப்பது, மாற்றிப் பார்ப்பது

கண்ணாடி ஜாடி, ஈரமில்லாத கரண்டி, வெயில் படாத அலமாரி. மூன்று நான்கு வாரம் நன்றாக இருக்கும். வெப்பமான ஊரில் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை வெளியே வைத்துக் கொண்டு, மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் ஃப்ரிட்ஜில் வைக்கலாம், இரண்டு மாதம் தாங்கும். ஃப்ரிட்ஜ் டப்பாவை வெளியே எடுத்தவுடன் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்தால் உள்ளே நீர் கோக்காது. முகர்ந்தால் பெயின்ட் போன்ற, பழைய எண்ணெய் வாசனை வந்தால் கொட்டிவிடுங்கள், வறுத்து மீட்க முடியாது.

ஒரு முறை அடிப்படைத் துக்கா கை வந்துவிட்டால் அப்புறம் அவரவர் விருப்பம். லேன் பட்டியலில் இருக்கும் பட்டையைக் கால் தேக்கரண்டி சேர்த்துப் பார்த்தேன், கடலைத் துக்காவுக்கு மிக நன்றாகச் சேர்ந்தது, ஹேசல்நட்டோடு இனிப்புத் தட்டியது. மிளகாய்த் தூள் சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்ப்பதில்லை. மல்லியின் வாசனையை அது மூடிவிடுகிறது. பக்கத்தில் காஸாவிலும் துக்கா என்ற பெயரில் ஒன்று செய்கிறார்கள், ஆனால் அது வறுத்த கோதுமையை அடிப்படையாகக் கொண்டது, நிறமும் ருசியும் வேறு. அதை இதன் ஒரு வகை என்று நினைத்து இதே அளவுகளில் செய்ய முயல வேண்டாம்.

ஜாடி தீரும்போது அடியில் நைசான தூள் கொஞ்சம் தங்கும், கொரகொரப்பெல்லாம் மேலோடு போயிருக்கும். ரொட்டிக்கு அது சுவைக்காது. எதிர் வீட்டு அம்மா அதைத் தயிரில் கலந்து, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு, வெள்ளரித் துண்டோடு கொடுப்பார். ஜாடியைக் கழுவிக் காய வைத்துவிட்டு அடுத்த எள்ளை அரிக்க உட்கார்வார்.